அப்பாவின் புகைக்கொட்டகை: இடிப்பதா, வைத்திருப்பதா?

சுங்கை பாக்காப் மகள்

வணக்கம். பினாங்கு பெருநிலத்தில், சுங்கை பாக்காப் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் நிலம் இருக்கிறது. தாத்தா காலத்தில் முழுக்க ரப்பர். பிறகு அப்பா பாதியில் செம்பனை போட்டார், மீதியில் டுரியான், ரம்புத்தான். பின்கோடியில் ஒரு பழைய புகைக்கொட்டகை நிற்கிறது, ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போட்ட கட்டடம். அப்பா போன வருடம் தவறிவிட்டார். இப்போது அதை என்ன செய்வது என்பதில் வீட்டில் இழுபறி.

கட்டடம் இப்படி: செங்கல் சுவர், 14க்கு 12 அடி, உயரம் 16 அடி இருக்கும். உள்ளே கழிகள் சொருக மரச்சட்டங்கள். மேலே தகரக் கூரை. ஒரு பக்கம் பின்னாளில் இறக்கிய சாய்ப்பு, அதற்குச் சாம்பல் நிறத்தில் நெளி ஓடு. சாய்ப்புக்குக் கீழே உருளை மெஷின்கள் இரண்டு துருப்பிடித்துக் கிடக்கின்றன.

கூரையில் சில தகரங்கள் இல்லை. 2017 நவம்பரில் பினாங்கே வெள்ளத்தில் மிதந்ததே, அந்தக் காற்றில் போனவை. அப்பா மாற்றவில்லை. கிழக்குச் சுவரில் உச்சியிலிருந்து இடுப்புயரம் வரை ஒரு விரிசல். சுவர் மேல் அரசஞ்செடி முளைத்து என் உயரத்துக்கு வந்துவிட்டது.

பெரிய அண்ணன் இடிக்கச் சொல்கிறார். சின்ன அண்ணன் ஷா ஆலாமில், "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒதுங்கிவிட்டார். அம்மா தொடவே கூடாது என்கிறார், காரணம் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். இதற்கு நடுவே சாப்பிடும் பறவைக்கூட்டுக்காகப் பறவை வளர்க்கிற ஒரு தவுக்கே (முதலாளி), பத்து வருட வாடகைக்குக் கேட்கிறார். இடிக்க 8,500 வெள்ளி (ரிங்கிட்) சொல்லியிருக்கிறார்கள், குப்பை அள்ளும் லோரி தனிக்கணக்கு.

எனக்கு இடிக்கவும் மனமில்லை, காசைக் கொட்டவும் வழியில்லை. யாராவது இந்த மாதிரிக் கட்டடத்தோடு மல்லுக்கட்டியிருந்தால் சொல்லுங்கள்.

லோரி செல்வா

இடித்துவிடுங்கள் தங்கச்சி. பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) பையன்கள் பேய் வீடு என்று உள்ளே புகுந்து காணொளி எடுப்பார்கள். ஒருவன் தலையில் செங்கல் விழுந்தால் வக்கீல் கடிதம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். 8,500 அநியாய விலை இல்லை.

பழைய கண்டக்டர்

அவசரப்பட வேண்டாம் அம்மா. நான் ரப்பர் தோட்டத்தில் கண்டக்டராக, அதாவது மேற்பார்வையாளராக, இந்தக் கொட்டகைகளோடு வாழ்ந்தவன், கொஞ்சம் சொல்கிறேன்.

ரப்பர் பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைப்போம். உறைந்த கட்டியை முதலில் வழவழப்பான உருளையில் கொடுத்து மெல்லிசாக்கி, கடைசியில் வரி போட்ட உருளையில் விடுவோம். அந்த வரி அழகுக்கு இல்லை. ஷீட் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கவும், காற்றுப் பட்டுச் சீக்கிரம் காயவும்தான். நீர் வடிந்த பிறகு கொட்டகைக்குள் தொங்கவிட்டு ரப்பர் விறகு எரிப்போம். 50லிருந்து 60 டிகிரி சூட்டில் நான்கைந்து நாள். புகை பட்டால்தான் பூஞ்சணம் பிடிக்காது. சூடு ஏறிவிட்டால் ஷீட் கொப்புளம் போட்டுவிடும், தரம் இறங்கும். இன்னும் ஏறினால் கொட்டகையே எரியும். இரவில் தீயைப் பார்க்க ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். ஷீட் நழுவித் தீயில் விழுந்து முழுக் கொட்டகையும் போன கதைகள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. உங்களுடையது எரியாமல் மிச்சப்பட்டிருக்கிறது என்பதே பெரிய விஷயம்.

1965இல் எஸ்.எம்.ஆர். என்று தரம் பிரித்துக் கட்டி ரப்பராக விற்கும் முறை வந்தது. அப்புறம் சிறுதோட்டக்காரர்கள் ஷீட் போடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மரத்தில் பால் பிடிக்கும் மங்கிலேயே (கிண்ணத்திலேயே) உறைந்த கட்டிப்பாலை அப்படியே விற்க ஆரம்பித்தார்கள். விறகு வேண்டாம், தூக்கம் கெட வேண்டாம். கொட்டகைக்கு வேலை போய்விட்டது. உங்கள் அப்பா தகரம் மாற்றாததில் எனக்கு வியப்பில்லை.

ஒரு கேள்வி: தீ மூட்டும் குழி கட்டடத்துக்கு உள்ளேயா, வெளியே இருந்து தள்ளும் மாதிரியா? இன்னொன்று, உருளை மெஷினைப் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஈப்போ மேஸ்திரி

இழையைப் படித்தேன். இடிப்பதா வைப்பதா என்று சண்டை போட இன்னும் நேரம் வரவில்லை. முதல் வேலை தண்ணீரை நிறுத்துவது. பினாங்கில் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கூரை திறந்து கிடந்தால் உங்கள் குடும்பம் பேசி முடிப்பதற்குள் மழையே முடிவெடுத்துவிடும். நிபோங் திபால் பக்கம் கலிடோனியா தோட்டத்து 99 கதவு பங்களாவைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பெரிய வீடே கவனிப்பார் இல்லாமல் போன பிறகு எப்படி ஆனது என்று எல்லோருக்கும் தெரியும்.

நேரில் போகும்போது இதையெல்லாம் பாருங்கள். தனியாகப் போக வேண்டாம், தலையில் ஹெல்மெட் இருக்கட்டும், விரிசல் சுவருக்குக் கீழே நிற்காதீர்கள்.

சுவர் உச்சியிலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்கவிடுங்கள். மேலுக்கும் கீழுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அளக்க வேண்டும். விரிசல் மேலே அகலமாகவும் கீழே மெல்லிசாகவும் இருந்தால், சுவர் வெளிப்பக்கம் சாய்கிறது அல்லது மூலை இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். விரிசலின் இரண்டு ஓரத்திலும் பென்சிலால் கோடு போட்டு, நடுவில் உள்ள இடைவெளியை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். இரண்டு மாதம் கழித்தும் அதே அளவு என்றால் அது பழைய விரிசல், பயமில்லை. கூடினால் உடனே இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

கூரை மரத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நடுவில் குத்திப் பயனில்லை. சுவர்மேல் உட்காரும் முனைகளில்தான் ஈரம் தங்கும், அங்கே குத்துங்கள். செங்கால், பாலாவ் மாதிரிக் கெட்டி மரம் என்றால் முனை மட்டும் கெட்டிருக்கும், அதை வெட்டி ஒட்டுப்போட்டுக் காப்பாற்றலாம். மண் குழாய் மாதிரி கோடு ஏறியிருந்தால் கறையான். பார்த்ததும் கடை மருந்து வாங்கி அடிக்காதீர்கள். குழாயில் இருப்பது சாகும், கூட்டம் வேறு வழியில் ஏறும். இரை வைத்துக் கூட்டையே அழிக்கும் முறை இருக்கிறது.

செங்கல் இடுக்கில் ஆணியால் சுரண்டுங்கள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் சுண்ணாம்புச் சாந்து. அப்படியானால் விரிசலில் சிமெண்ட் பூசவே கூடாது. பழைய செங்கல் ஈரத்தை உள்ளே இழுத்து, இடுக்கு வழியாக வெளியே விடும். நீங்கள் சிமெண்டால் அடைத்தால் ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும், கூடவே உப்பும் வரும். செங்கல் முகம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளுக்குச் சுண்ணாம்பே பூச வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பதும் இதனால்தான்.

அரசஞ்செடியைப் பிடுங்காதீர்கள். வேரோடு நாலு வரிசை செங்கலும் வந்துவிடும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் உடனே களைக்கொல்லி தடவி, வேர் செத்த பிறகு மெதுவாக எடுக்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் சாதாரணமாகச் சொல்லிப்போன அந்தச் சாம்பல் நெளி ஓடு. பழையது என்றால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அப்படியே கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. சுத்தியலால் உடைத்தால்தான் நார்த்தூசி பறக்கும். 8,500க்கு இடிக்கிறேன் என்றவர் இந்த ஓட்டைப் பற்றி என்ன சொன்னார்? ஆஸ்பெஸ்டாஸ் தூசியும் நாரும் சுற்றுச்சூழல் துறைப் பட்டியலில் எஸ்.டபிள்யூ. 201 என்ற எண் போட்ட ஆபத்துக் கழிவு. சாதாரணக் கட்டடக் குப்பையோடு ஏற்றிக்கொண்டுபோய்க் கொட்ட முடியாது. அவர் இதைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால் அந்த விலையே சரியில்லை.

லோரி செல்வா

அந்த ஓடு பற்றிச் சொன்னது நியாயம், எனக்குத் தோன்றவில்லை. மற்றபடி கேட்கிறேன் மேஸ்திரி அண்ணே, இவ்வளவும் செய்து கடைசியில் கையில் என்ன இருக்கும்? கரி பிடித்த ஒரு செங்கல் பெட்டி. யாருக்கு?

மணி ஜாவி

அரச மரம் தானாக முளைத்த இடம். அதை வெட்டலாமா என்று யாரும் கேட்கவில்லையே? ஒரு பூசாரியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

லோரி செல்வா

காக்கை எச்சத்தில் முளைத்த செடி மணி. ஜாவி பாலத்துக்குக் கீழேயும்தான் முளைத்திருக்கிறது.

சுங்கை பாக்காப் மகள்

ஞாயிறு அன்று பெரிய அண்ணனையும் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மேஸ்திரி அண்ணா சொன்ன வரிசைப்படி சொல்கிறேன்.

சுவர் மேலே ஓர் அங்குலம் வெளியே நிற்கிறது. விரிசல் மேலே அகலம், கீழே நூல் மாதிரி. பென்சில் கோடு போட்டாயிற்று. உள்மரமெல்லாம் கன்னங்கரேல் என்று கல் மாதிரி இருக்கிறது, ஸ்க்ரூ டிரைவர் இறங்கவே இல்லை. தகரம் போன இடத்துக்கு நேர்கீழே இரண்டு முனைகளில் மட்டும் பிடிவரை இறங்கியது. சாந்து வெள்ளைப் பொடி. கறையான் சாய்ப்பின் தூண்களில் ஏறியிருக்கிறது, கொட்டகைக்குள் காணவில்லை. கண்டக்டர் ஐயா, தீக்குழி வெளியே இருக்கிறது, சூடு சுவருக்கு அடியில் ஓடை மாதிரி உள்ளே போகிறது.

அப்புறம் இரண்டு விஷயம். தீக்குழியின் வாய்க்குப் பக்கத்தில், கல் ஒன்றுக்கு மஞ்சள் துணி கட்டி, முன்னால் சின்னச் சூலம். எண்ணெய் புதிதாக இருந்தது. அம்மாவிடம் கேட்டபோதுதான் வாயைத் திறந்தார். தாத்தா காலத்தில் தீ பார்த்த ஆள்கள் காவலுக்கு வைத்த முனி. அம்மா வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு வைத்து வந்திருக்கிறார், எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர் இடிக்க விடாதது கட்டடத்துக்காக இல்லை, இந்தக் கல்லுக்காக.

இன்னொன்று, அண்ணன் நிலப்பட்டாவை எடுத்துப் பார்த்தார். அதில் இன்னும் தாத்தா பெயர்தான் இருக்கிறது. அப்பா மாற்றவே இல்லை.

கிராணி மகன்

இரண்டாவது விஷயம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது. நில அலுவலகங்களுக்கு அலைவதே என் வேலை, அதனால் சொல்கிறேன்.

தாத்தா பெயரில் இருந்தால் சட்டப்படி அது இன்னும் தாத்தாவின் சொத்து. அவர் உயில் எழுதவில்லை என்றால் அவருடைய பிள்ளைகளுக்குள் சமபங்கு, மகனென்றும் மகளென்றும் வேறுபாடு கிடையாது. 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உங்கள் அப்பாவுக்கு அக்கா தங்கை இருந்தால் அவர்களும் பங்குதாரர்கள். அப்பாவின் பங்கு மட்டும்தான் அம்மாவுக்கும் உங்கள் மூவருக்கும் இறங்கும். ஆகவே இடிக்கவோ வாடகைக்கு விடவோ உங்கள் வீட்டு ஆள்கள் மட்டும் கையெழுத்துப் போட முடியாது. தவுக்கேயிடம் முன்பணம் எதுவும் வாங்கிவிடாதீர்கள்.

நல்ல செய்தி, இதற்கு உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியதில்லை. உயில் இல்லாமல், நிலமும் சேர்ந்த சொத்து 50 லட்சம் வெள்ளிக்கு மேற்படாமல் இருந்தால், நில அலுவலகத்தின் சிறு மரபுரிமைச் சொத்துப் பிரிவிலேயே மனு போடலாம். மலாயில் புசாக்கா கெச்சில் என்று கேளுங்கள். முன்பு 20 லட்சம்தான் வரம்பு, 2024இல் உயர்த்தினார்கள். இரண்டு மரணம் என்பதால் இரண்டு கணக்கு. இறப்புச் சான்றிதழ்கள், பிறப்புப் பத்திரங்கள், எல்லோருடைய அடையாள அட்டை நகல் எல்லாம் இப்போதே சேர்க்க ஆரம்பியுங்கள். ஓர் அத்தையின் பிறப்புப் பத்திரம் கிடைக்கவில்லை என்று மாதக்கணக்கில் இழுத்த கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நிலத்தின் வகை பெர்த்தானியான் என்றுதான் இருக்கும். விவசாய நிலத்தில் அந்த நிலத்து விளைச்சலைப் பக்குவப்படுத்தும் கட்டடம் இருக்கலாம், அதில் சிக்கலில்லை. காபிக்கடை, தங்கும் விடுதி என்று போனால் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற மாநில அரசிடம் மனு, அதற்குப் பிரிமியம் (அரசுக்குக் கட்டும் தொகை), பிறகு மாநகர் மன்ற அனுமதி. இந்த இடம் ஜார்ஜ் டவுனின் யுனெஸ்கோ எல்லைக்குள் இல்லை, அதனால் அங்குள்ள பாரம்பரியக் கட்டுப்பாடு உங்களைத் தடுக்காது. அந்தப் பக்கத்துக்குக் கிடைக்கிற கவனமும் உங்களுக்குக் கிடைக்காது.

பட்டர்வெர்த் மீனா

காபிக்கடை யோசனை யாராவது சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லாதவரைக்கும் நல்லது. பாலிக் பூலாவில் உறவுக்காரர்கள் பழைய ஸ்டோரைக் கடையாக மாற்றினார்கள். கட்டடத்துக்கு ஆன செலவைவிடக் கழிப்பறைக்கும், கழிவுநீர்த் தொட்டிக்கும், கார் நிறுத்தும் இடத்துக்குக் கல் கொட்டியதற்கும் ஆனது அதிகம். சனி ஞாயிறு கூட்டம், மற்ற நாள் ஈ ஓட்டினார்கள்.

பறவைக்கூடு பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பறவைக்கு இருட்டும் ஈரமும் வேண்டும். ஜன்னலையெல்லாம் அடைப்பார்கள், ஈரப்பதம் 80, 90 விழுக்காட்டில் இருக்கத் தண்ணீர் தெளிப்பார்கள், ஒலிபெருக்கி நாள் முழுக்கக் கத்தும். மேஸ்திரி தண்ணீரை வெளியேற்றச் சொல்கிறார், தவுக்கே தண்ணீரை உள்ளே கொண்டுவரப் போகிறார். பத்து வருடம் கழித்து உங்களுக்குத் திரும்பக் கிடைப்பது நனைந்த சுவர்தான்.

மணி ஜாவி

பார்த்தீர்களா, நான் சொன்னபோது சிரித்தீர்கள். முனி இருந்திருக்கிறார்.

பழைய கண்டக்டர்

தீ பார்க்கிறவர்கள் இப்படி வைப்பது வழக்கம்தான். இரவு முழுக்கத் தனியாக நெருப்போடு உட்கார்ந்திருப்பவனுக்குத் துணை வேண்டாமா? பெயரே இருக்காது, கல் மட்டும் இருக்கும். முறையாகப் பூசை போட்டு நகர்த்தலாம், அதே மூலையில் வெளிப்பக்கமாக ஒரு சின்னத் தகரக் கூரை போட்டு வைத்தாலும் போதும். கல் காப்பாற்றப்படும் என்று அம்மாவுக்கு முதலில் வாக்குக் கொடுங்கள். பிறகு கட்டடத்தைப் பற்றி அவரிடமே கேட்டுப் பாருங்கள். கையில் ஷீட் பிடித்து உருளையில் விட்டவர் அவராகத்தான் இருப்பார், விரலுக்குப் பயந்து பயந்து. அந்தக் கொட்டகைமேல் அவருக்கு நம் அளவுக்குப் பாசம் இருக்க வேண்டிய அவசியமில்லை.

செம்பனைக்காரன்

உள்ளே தரையில் கறுப்பாக, கட்டை விரல் அளவில் ரோமமும் எலும்பும் கலந்த உருண்டைகள் கிடந்தனவா?

சுங்கை பாக்காப் மகள்

கிடந்தன! பூனை எச்சம் என்று அண்ணன் சொன்னார்.

செம்பனைக்காரன்

கூகை. எலியை முழுசாக விழுங்கி, ரோமத்தையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். நம் ஆள்கள் சாவுக்குருவி என்று கல்லால் அடிப்பார்கள். செம்பனைத் தோட்டங்களிலோ எலியைப் பிடிக்கக் கம்பம் நட்டுப் பெட்டி வைத்து அதை அழைக்கிறார்கள். உங்களுக்கு இலவசமாக வந்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பறவை வேறு. குஞ்சு இருக்கும்போது கூரையில் கை வைக்காதீர்கள். கூரையை அடைக்கும்போது முகட்டுப் பக்கம் ஒரு சாண் அளவு வழி விடுங்கள், அல்லது பக்கத்தில் ஒரு பெட்டி வைத்துவிட்டு அது பழகிய பிறகு அடையுங்கள்.

ஈப்போ மேஸ்திரி

உங்கள் அளவுகளைப் பார்த்தால் கட்டடம் நான் பயந்ததைவிட நன்றாக இருக்கிறது. அவ்வளவு வருடப் புகைக்கரி மரத்தில் ஏறியிருக்கிறது, பூச்சி அண்டாததற்கு அது ஒரு காரணம். சாய்ப்பு வேறு கதை. அது தேறாது. தூணில் கறையான், மேலே ஆஸ்பெஸ்டாஸ், அத்தோடு அதன் பாரத்தைக் கிழக்குச் சுவரில்தான் மாட்டியிருப்பார்கள், விரிசலுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அது எந்தப் பக்கம்?

சுங்கை பாக்காப் மகள்

கிழக்குப் பக்கம்தான் அண்ணா.

ஈப்போ மேஸ்திரி

அப்படியானால் சாய்ப்பைக் கழற்றுங்கள், கொட்டகையை நிறுத்துங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கையாளத் தெரிந்த ஆளை வைத்து ஓட்டை நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கிப் பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டும். போன தகரங்களுக்கு மட்டும் புதுத் தகரம். கிழக்குச் சுவருக்கு இரண்டு முட்டு, மண்ணில் நேராக ஊன்றாமல் பலகை வைத்து. சுற்றி வேலி, கதவுக்குப் பூட்டு. தோராயமாகப் பார்த்தால் முழுசாக இடிக்கும் செலவுக்கு மேல் போகாது. இது பழுதுபார்ப்பு இல்லை, நேரம் வாங்குவது. பட்டா உங்கள் பெயருக்கு வந்த பிறகு சுண்ணாம்பு பூசலாம், இல்லை இடிக்கலாம், அப்போது முடிவு செய்துகொள்ளுங்கள். இடித்துவிட்டால் திரும்ப வராது.

லோரி செல்வா

வேலி, பூட்டு என்றால் எனக்கும் சரி. நான் பயந்தது பையன்களுக்காகத்தான். எதற்கும் மாநகர் மன்றத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஆபத்தான கட்டடம் என்று யாராவது புகார் கொடுத்தால் நோட்டீஸ் ஒட்டுவார்கள், அப்போது முட்டும் வேலியும் இருப்பது உங்களுக்கு நல்லது.

சுங்கை பாக்காப் மகள்

எல்லோருக்கும் நன்றி. இதுவரை நடந்தது:

அம்மாவிடம் பேசினேன். கல்லை நகர்த்தாமல் அதே மூலையில் தனிக் கூரை போடுகிறோம் என்றதும் முகம் தெளிந்தது. கண்டக்டர் ஐயா சொன்னது சரிதான். "கொட்டகை இருந்தா என்ன, போனா என்ன, புகையில கண்ணு எரிஞ்சதுதான் மிச்சம்" என்றார். இடிக்க வேண்டாம் என்று இப்போது பிடிவாதம் பிடிப்பது நான் மட்டும்தான்.

அப்பாவுக்கு இரண்டு அக்கா. ஒருவர் சித்தியவானில் இருக்கிறார், மற்றவர் இறந்துவிட்டார், அவருக்கு ஐந்து பிள்ளைகள். பெரிய அண்ணன் பத்திரம் சேர்க்கும் வேலையை எடுத்துக்கொண்டார். அத்தை பங்கு கேட்பாரோ என்று அவருக்கு உள்ளூரக் கலக்கம். கேட்டால் கொடுக்க வேண்டியதுதான், அவருடைய அப்பா நிலம். இதில் இன்னும் வீட்டில் பேச்சு முடியவில்லை.

தவுக்கேயிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். இடிக்க விலை சொன்னவரிடம் ஓட்டைப் பற்றிக் கேட்டேன், "அதெல்லாம் உடைத்துப் புதைத்துவிடலாம்" என்றார். அவரும் வேண்டாம். கூகைக்குக் குஞ்சு இருக்கிறதா என்று செம்பனைக்காரன் அண்ணா ஒருநாள் வந்து பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார், அதற்கப்புறம்தான் கூரை.

சாய்ப்பு போனால் உருளை மெஷின் நனையும். அவற்றைக் கொட்டகைக்குள் வைத்துவிடலாமா? தகரத்துக்கு என்ன அளவு வாங்குவது?

பழைய கண்டக்டர்

உள்ளே வையுங்கள், ஆனால் மண்ணில் வேண்டாம், கட்டைமேல். பல் சக்கரத்துக்குக் கிரீஸ் தடவுங்கள். கைப்பிடி சுற்றினால் படம் எடுத்துப் போடுங்கள்.

ஈப்போ மேஸ்திரி

பழைய தகரத்தின் நெளி அளவுக்குப் பொருந்துவதாக வாங்க வேண்டும், ஒரு துண்டை வெட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள். ஸ்க்ரூவை நெளியின் மேட்டில் அடிக்கச் சொல்லுங்கள். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகவே இறங்கும். ரப்பர் வாஷர் இல்லாத ஸ்க்ரூ வேண்டாம். முகடு வரை ஒரே நீளமாகக் கிடைத்தால் ஒட்டு இல்லாமல் போகும்.

லோரி செல்வா

ஒரே நீளம் என்றால் எத்தனை அடி? பத்துக்குள் இருந்தால் என் லோரியிலேயே ஏற்றலாம், புதன்கிழமை சிம்பாங் அம்பாட் வழியாகத்தான் வருகிறேன். அதற்கு மேல் போனால் பெரிய லோரி கேட்டுப் பார்க்க வேண்டும். அளந்துவிட்டுச் சொல்லுங்கள் தங்கச்சி.